கேட்காததைக் கொடுப்பவர்

மேம்படுத்துபவர் என்று ஓர் இனம் உண்டு, உங்களுக்கும் தெரிந்தவர்தான். கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர் இல்லை இவர். ஒழுங்காக ஓடுவதைப் பார்த்தால்தான் இவருக்குக் கை அரிக்கும். வீட்டு அழைப்பு மணியை இவர் மேம்படுத்திய நாளிலிருந்து வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். அடுத்து மிக்ஸியைத் தொட்டபோது அவர் மனைவி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

நான் சொல்லும் ஆசாமி, சுரங்க மீட்புக் குழுக்களுக்கு வயர்லெஸ் செய்யும் கம்பெனியில் தலைமைப் பொறியாளர். அவர் செய்வதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

ஒரு நாள் மீட்புக் குழுவின் தலைவி வந்தார். பதினாறு வருடமாகப் பூமிக்கடியில் இறங்கி ஏறுகிறவர், அளந்துதான் பேசுவார். பழைய கருவியை மேஜைமேல் வைத்தார்.

"சார், இதுல பேசற பட்டன் ரொம்பச் சின்னது. கையுறையோட அழுத்த முடியல. பெருசா ஒரு பட்டன் வச்சுக் குடுங்க, போதும்."

'போதும்' என்ற சொல் நம்மவர் காதில் விழாது. பிறவிக் கோளாறு.

"பட்டன் மட்டுமா? ஏன் மேடம் இவ்வளவு சின்னதா ஆசைப்படறீங்க?"

நாலு மாதம் உழைத்தார். திரை வைத்தார், திரை இருட்டில் தெரிய விளக்கு, விளக்குச் சூடு தணிய விசிறி, விசிறிக்குள் தூசி போகாமலிருக்க மூடி, மூடி திறந்துகொண்டால் எச்சரிக்க ஒரு பெண்குரல், அந்தக் குரலை அடக்க ஒரு பட்டன் என்று பட்டன்கள் பதினொன்று ஆயின. அதில் பேசுகிற பட்டன் எது? கையேட்டில் முப்பத்திரண்டாம் பக்கம் பார்க்கவும்.

"கையுறை போட்டு ஒரு தடவை அழுத்திப் பாக்கலாமா சார்?" என்றேன்.

"அதெல்லாம் பழகிடும்யா."

நானும் கையெழுத்துப் போட்டேன்.

கருவி குழுவின் கைக்குப் போன மூன்றாம் வாரம் ஒரு சுரங்கத்தில் கூரை சரிந்து இரண்டு தொழிலாளிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தன் கருவி பேசும் அழகைக் கேட்க நம்மவர் ஓடினார், நானும் கூட. குழு இறங்கியது. மேலே, சுரங்க வாயிலை ஒட்டிய அறையில், அவர் இன்னொரு கருவியோடு உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டவர்களில் ஒருவரின் மனைவி பக்கத்தில் வந்து நின்றார்.

இருபது நிமிடம் கழித்துக் கருவி பேசியது.

"மூடி திறந்துள்ளது. தயவுசெய்து மூடவும்."

அந்த அம்மாள் வெலவெலத்துப் போனார். "சார், சுரங்கத்தையா மூடச் சொல்றாங்க?"

"இல்லம்மா. அது... மெஷின் பேசுது."

"அப்ப எங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு கேட்டுச் சொல்லுங்க."

அதுதானே முடியவில்லை? கீழே தடித்த கையுறை ஒவ்வொரு தடவையும் மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கியது. அத்தனை படித்த மனிதர் "கேக்குதா, கேக்குதா" என்று தொண்டை கட்டக் கத்தினார். பதில் சொன்னது மூடி மட்டும். அந்த மூடிக்கும் சேர்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

தலைவி கருவியைக் கைவிட்டு, சுரங்கப் பாதையில் வளைவுக்கு ஒருவராக நாலு பேரை நிறுத்தி, வாய்வழியாகவே சேதி அனுப்பினார். "ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க. ஒருத்தருக்குக் கால்ல அடி." அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோண்ட வேண்டிய நாலு பேர் தபால்காரர்களாகிவிட்டதால், ஒரு மணி நேர வேலை மூன்றானது. இருவரும் பிழைத்து வந்தார்கள்.

புழுதி அப்பிய முகத்தோடு வந்த தலைவி திட்டவில்லை. தன் கையுறையைக் கழற்றி நம்மவர் மடியில் வைத்தார்.

"இனிமே இதைப் போட்டுக்கிட்டு வேலை செய்ங்க சார்."

செய்தார். அந்தக் கையுறைக்குள்ளிருந்து பிறந்த புதுக் கருவியில் டப்பா மூடி அகலத்துக்கு ஒரே ஒரு மஞ்சள் பட்டன். அதோடு நிறுத்திக்கொள்ள அவர் பட்ட பாடு, பத்தியம் இருப்பவன்கூடப் பட்டிருக்க மாட்டான்.

இந்த இனம் கம்பெனிகளில் மட்டும்தான் இருக்கிறதா? பிள்ளை ஒரு கணக்கில் சந்தேகம் கேட்டால் பாடப் புத்தகத்தையே முதலிலிருந்து நடத்துகிறவர் யார்? தலைவலி என்று படுத்த தங்கையை எழுப்பி ஏழு வைத்தியம் சொல்கிறவர் யார்? நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனால், அந்த ஒரே மஞ்சள் பட்டனும் கெட்டுப்போனால் என்ன செய்வது, பக்கத்தில் இன்னொன்றும் வைத்திருக்கலாமே என்று சற்றுமுன் உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?