மருமகன் டி.வி.க்குப் போக வேண்டாம்

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் இருக்கிறோம்; சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய் என்பதால் கடிதம்.

உன் மகன் பாங்க் வேலையை விட்டுவிட்டு டி.வி.யில் நிகழ்ச்சி நடத்தப் போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறான், மாமன் ஒரு வார்த்தை சிபாரிசு செய்தால் போதும் என்று எழுதியிருந்தாய். அந்தக் கேள்வி பதில் நிகழ்ச்சியில் பத்தொன்பது வருஷம் நின்ற மாமன் சொல்கிறேன், வேண்டாம். ஜவுளிக்கடை மைக்கில், "பச்சைச் சட்டை போட்ட குழந்தை கீழ்த்தளத்தில் அழுகிறது, பெற்றோர் வரவும்" என்று அறிவித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். திரைத்துணி வாங்க வந்த தயாரிப்பாளர் காதில் அந்தக் குரல் விழுந்ததுதான் என் கெட்ட நேரம். ஐந்து நாள் நிகழ்ச்சியை ஒரே நாளில் எடுப்பார்கள். கோட்டை மாற்றிக்கொண்டு வந்து "நேற்று சந்தித்தோம்" என்பேன். அந்த நேற்று முடிந்து இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. "அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்று நான் சொல்வதை ஊரே சொல்ல ஆரம்பித்தது. உன் தம்பி மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றபோது, ஆபரேஷன் எப்போது என்று டாக்டரைக் கேட்டேன். "அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்று என்னைப் போலவே கண்ணடித்தார். நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன். படுக்கையிலிருந்து அவள் மட்டும் என்னைப் பார்த்தாள்.

அப்பா போன அன்று நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். உடலை வண்டியில் ஏற்றும்போது எவனோ படமெடுக்கப் போனைத் தூக்கினான், என் முகம் தானாகச் சிரித்துவிட்டது. மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம். ஒரு வருஷம் நீ என்னோடு பேசவில்லை. துக்கம் இல்லாமல் சிரிக்கவில்லை அக்கா. கேமராவைக் கண்டால் தாடை என் பேச்சைக் கேட்காது. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் படப்பிடிப்பு இருந்தது.

போன வருஷம் தயாரிப்பாளர் கூப்பிட்டு டீ கொடுத்தார். "சார், உங்க முகத்துல அனுபவம் தெரியுது" என்றார். நன்றி என்றேன். "அதான் சார் பிரச்சினையே" என்றார். இப்போது ஒரு சின்னப் பெண் நடத்துகிறாள். என் சாமான்களை எடுக்கப் போனால் வாட்ச்மேன், "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டான். கோட்டெல்லாம் கம்பெனியுடையதாம். செருப்பு மட்டும் என்னுடையதாம். அதையும் காலில் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்.

உச்சகட்டம் போன செவ்வாய்க்கிழமை. நான் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதில்லை. அது ஓடும் நேரத்தில் ஹாலில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். திரையில் என் படம் வந்தது. "இந்த நிகழ்ச்சியை முன்பு நடத்திய இவர் யார்?" என்று கேள்வி. பதில் சொல்ல வந்த அம்மாள் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "பழைய சமையல் நிகழ்ச்சியில வெங்காயம் நறுக்குவாரே, அவர்தானே?" என்றாள். மணி அடித்துவிட்டது. அவளுக்கு வரவேண்டிய பிரிட்ஜ் போயிற்று. உன் தம்பி மனைவி டி.வி.யை அணைத்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பாவம், நல்ல பிரிட்ஜு" என்றாள்.

அதனால் அக்கா, பாங்கில் உட்கார்ந்திருந்தால் உன் மகனை நான்கு பேருக்குத் தெரியும், அந்த நான்கு பேருக்கும் கடைசிவரை தெரியும். அத்தானுக்கு என் வணக்கம். மருமகனுக்கு மாமனின் ஆசி எப்போதும் உண்டு, பாங்க் வேலைக்கு மட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தயாரிப்பாளரிடமிருந்து போன். செவ்வாய்க்கிழமை கேள்வியைப் பற்றி நேயர்கள் நிறையப் பேர் எழுதிவிட்டார்களாம். அடுத்த வாரம் வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார வேண்டும், கேமரா என் பக்கம் திரும்பும்போது கையை ஆட்ட வேண்டும், பேச வேண்டியதில்லை என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே இதை எழுதுவதால் காகிதத்தில் கறை, மன்னித்துக்கொள். மேலே எழுதியதை மருமகனிடம் காட்டாதே. என்னோடு அவனையும் அனுப்பி வை, பக்கத்து நாற்காலிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.