வைக்கலாரின் இரண்டாவது நத்தார்

ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் குடியிருந்த அத்தனை பேரும் மனமாரத் திட்டிய ஒரே மனிதர் வைக்கலார்தான். கடவுளைக்கூட அங்கே சிலர் விட்டுவைத்திருந்தார்கள். இவரை ஒருவரும் விடவில்லை.

அவர் கட்டடத்தின் சூப்பர், பராமரிப்பாளர். குழாய் ஒழுகினாலும் லிஃப்ட் நின்றாலும் அவரிடம்தான் போகவேண்டும். போனால் முதலில் ஏச்சு விழும், பிறகு கதவு முகத்தில் அடிக்கும். ஜேர்மன்காரர். அறுபது வயதிருக்கும். தனி ஆள். அவருடைய ஆங்கிலமும் எங்களுடையதும் ஒரே அளவுக்கு உடைந்தவை. அதனால் அவர் பேசியதெல்லாம் என் நினைவில் எங்கள் தமிழாகவே இருக்கிறது.

கடுகு தாளித்தால் கதவைத் தட்டுவார். சப்பாத்தில் பனியோடு வந்தால் விளக்குமாறோடு பின்னால் வருவார். ஒரு தைப்பொங்கலுக்கு மூன்றாம் மாடிச் சிவம் அண்ணை பால்கனியில் பானை வைத்தார். பால் பொங்கியதும் சந்தோசத்தில் கத்தினார். வைக்கலார் தீயணைப்பு உருளையோடு ஓடிவந்து பானைக்குள்ளேயே அடித்துவிட்டார்.

"ஆருக்கு இந்தச் சமையல்?"

"சூரியனுக்கு," என்றார் சிவம் அண்ணை, அழாக்குறையாக.

வைக்கலார் வானத்தைப் பார்த்தார். ரொறன்ரோவின் ஜனவரி வானம், அடிப்பிடித்த அலுமினியச் சட்டி மாதிரி இருந்தது.

"அவர் இந்தப் பக்கம் வாறேல்லை," என்றார்.

அவருக்குப் பெயர் வைத்ததும் சிவம் அண்ணைதான். நாங்கள் ஒரு சோற்றுப் பருக்கை சிந்தினாலே கத்துகிற அந்த மனிதர், ஒவ்வொரு ஜனவரியும் எங்கிருந்தோ ஒரு கட்டு வைக்கல் வாங்கி, லொபி முழுக்கச் சிந்திக்கொண்டு தன் வீட்டுக்குள் கொண்டுபோவார்.

"மாடு வளக்கிறாரோ அண்ணை?"

"மாடு இவரோட இருக்குமோ? அதுக்கும் மானம் ரோசம் இருக்கு."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் சண்டை. அம்மா இருக்கிறாவா இல்லையா என்று தெரியாது. தொழிற்சாலையில் என்னை வேலையால் நிறுத்தியிருந்தார்கள். அந்த ஜனவரி ஆறாம் திகதி பின்னேரம் ஹீட்டரும் செத்தது.

"பிள்ளை விறைக்குது," என்றாள் மனைவி. "உங்கட வைக்கலாரிட்டப் போய் ரெண்டில ஒண்டு பாத்திட்டு வாங்கோ."

கீழே போய்க் கதவில் குத்தினேன். திறந்தார். கோட்டும் ரையும் போட்டிருந்தார்.

"ஹீட்டர்!" என்று கத்தினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். கோபத்தில் அது வாசற்படியைத் தாண்டி உள்ளே நின்றது.

"வந்திட்டாய்," என்றார்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேசையில் வெள்ளைத் துணி, அதன் கீழே வைக்கல் பரப்பியிருந்தது. மெழுகுதிரி எரிந்தது. பன்னிரண்டு வகைச் சாப்பாடும் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளும் இருந்தன. "இண்டைக்கு நத்தார், யேசு பிறந்த நாள்," என்றார்.

"உங்கட நத்தார் போன மாதம் முடிஞ்சுதே?"

"அது எங்கட. இது பக்கத்து வீட்டாற்ற."

உக்ரேனில், ஜேர்மன் குடியேறிகளின் கிராமத்தில் பிறந்தவராம். வேலிக்கு அப்பால் உக்ரேனியர். டிசம்பரில் இவர்கள் நத்தாருக்கு அவர்கள் வருவார்கள். பழைய நாட்காட்டிப்படி ஜனவரியில் வரும் அவர்களின் நத்தாருக்கு இவர்கள் போவார்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்து வீட்டான் வாசற்படி தாண்டும்வரை ஒருவரும் கரண்டி தொடக்கூடாது. கூப்பிடவும் கூடாது, தானாக வரவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மனியர்கள் வண்டி கட்டிக்கொண்டு ஓடியபோது, அடுத்த வீட்டுப் பெத்ரோ, நத்தார் மேசையில் பரப்பப் போகிற இடத்தில் கிடைக்குமோ தெரியாது என்று ஒரு பிடி வைக்கல் கொண்டுவந்து கொடுத்தானாம். பெத்ரோ இருக்கிறானா என்று தெரியாது. அதனால் அவனுடைய நத்தாரையும் இவரே வைக்கிறார்.

ஓடுவதைப் பற்றி எனக்கு விளக்கத் தேவையில்லை.

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் வரேல்லையோ?"

"இல்லை."

"அப்ப சாப்பாடு?"

"குப்பையில."

"எல்லாரையும் பாத்து நாய் மாதிரிக் குலைச்சால் ஆர் வருவினம்?"

"அது வேலை," என்றார். "இது நத்தார். இரு."

இருந்தேன். கோபம் போகவில்லை, ஆனால் பசித்தது. இறைச்சி இல்லை, முட்டை இல்லை, விரதம் என்றார். ஆனால் மீன் இருந்தது.

"விரதத்துக்கு மீனோ?"

"மீன் ஒண்டும் சொல்லாது."

பிறகு அவித்த கோதுமையில் தேனும் கசகசாவும் கலந்த களியை ஒரு கரண்டி அள்ளி, சீலிங்கை நோக்கி எறிந்தார். எங்கள் சுவரில் இருந்த ஒரு மஞ்சள் கறைக்காக என் மனைவியை அழவைத்த மனிதர்! களி என் தலையில் விழுந்தது. மறுபடி எறிந்தார். ஒட்டிக்கொண்டது.

"ஒட்டினால் வருசம் நல்லம்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து சாப்பிட்டார். கண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது. துடைக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் கோட்டோடும் ரையோடும் எங்கள் வீட்டுத் தரையில் படுத்து ஹீட்டரைத் திருத்தினார். எழும்பும்போது, கறி மணக்கிறது என்று ஏசிவிட்டுப் போனார்.

வருசம் நல்லதாக இருக்கவில்லை. பெத்ரோவைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை. என் அம்மா போய்விட்ட செய்தி மட்டும் வந்தது. வைக்கலார் ஏசுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் அவர் சாகும்வரைக்கும், ஒவ்வொரு ஜனவரி ஆறாம் திகதி பின்னேரமும் எங்கள் ஹீட்டர் பழுதாகிக்கொண்டே இருந்தது. நான் கீழே போய்க் கத்தவேண்டியிருந்தது.

இப்போது அஜக்ஸ் நகரில் சொந்த வீடு. இங்கே ஹீட்டர் ஒருநாளும் நின்றதில்லை. வருசத்தில் அந்த ஒரு பின்னேரம் மட்டும் எனக்கு அது பிடிப்பதில்லை.