மூன்று அங்குல மரியாதை

மாமனார் வீட்டு மரியாதைக்கு விலை போட முடியுமா? ஜெயப்பிரகாஷ் போட்டிருந்தான்: மூன்று அங்குலம்.

தா.பழூரில் மாமனார் இளையபெருமாள் புதிதாகக் கட்டிய போர்டிகோவில் சகலையின் கார் நிற்கும். வெங்காய வியாபாரி ஜெயப்பிரகாஷின் பிக்கப் மூன்று அங்குலம் உயரம் அதிகம், கூரையில் இடிக்கும். அதனால் அது வெளியே நின்று தெருக்குப்பைக்குக் காவல். ஞாயிற்றுக்கிழமை மகனுக்குக் காதுகுத்து. அன்றைக்கும் அங்கேயா?

மாமனாரிடம் கேட்கலாம்தான். ஆனால் அந்த வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் "வாங்க", "வரேங்க" தாண்டிப் பேசிய சரித்திரமில்லை.

பெரம்பலூர் மெக்கானிக் கலைமணியிடம் போனான்.

"ஸ்பிரிங்க வெட்டி எறக்கிடுப்பா."

"வெட்டினா வண்டி எறங்கறதுக்கு முன்னாடி நீங்க பள்ளத்துல எறங்கிடுவீங்கண்ணே. வளைவு கொறைஞ்ச ஸ்பிரிங் பட்டை புதுசா வாங்கிட்டு வாங்க."

வாங்கினான். பின்பக்கம் இறங்கியது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஹெட்லைட் நிலாவைத் தேடியது.

"முன்னாடியும் குட்டை ஸ்பிரிங் போடணும்ணே."

போட்டான். ஒவ்வொரு பள்ளத்திலும் 'டொம்' என்று முட்டியது.

"ஷாக் அப்சர்பர் பழைய நீளந்தானே? அதுவும் குட்டையா வேணும். முட்டு ரப்பரும்."

"என்னப்பா இது, உயரம் கொறையக் கொறைய வெலை ஏறுது? எங்க மண்டியில சின்ன சரக்குக்கு சின்ன வெலைதான்!"

கலைமணி கடைசியாகச் சாவியைக் கொடுத்தான். "இனிமே பாதி லோடுதாண்ணே. அதுக்கு மேல ஏத்துனா நான் பொறுப்பில்ல."

வீட்டில் மனைவி லாவண்யா கேட்டாள்: "பாதி லோடு ஏத்தற லோடு வண்டிய வெச்சி என்ன பண்றதா உத்தேசம்?"

"உங்கப்பா வூட்டுக்குள்ள நிறுத்தறது. அவருகிட்ட மூச்சு விடாதே."

ஞாயிறு காலை, சொந்தபந்தம் பார்க்க, பிக்கப் போர்டிகோவுக்குள் நுழைந்தது. கூரை இடிக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் மீசையைத் தடவினான். அப்போது முன்சக்கரங்கள், அவன் நினைத்ததைவிட ஆழமாக, உள்ளே இறங்கின. 'கர்ர்ர்.' மழைத்தண்ணீருக்காக வாசலில் கட்டிய மேட்டில் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

மாமனார் ஓடி வந்தார். வண்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"வாங்க," என்றார்.

"வரேங்க," என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

மாமியார் பொன்னம்மாள்தான் கேட்டாள். "எப்புடிங்க மாப்ள மாட்டுச்சு?"

"அதான் அத்தை புரியல. மூணு அங்குலம் எறக்கிட்டுத்தானே வந்தேன்!"

"அய்யய்யோ, நீங்களுமா? உங்க வண்டி உள்ள நிக்கணும்னு இவரு போன வாரந்தான், யாருகிட்டயும் சொல்லாதேன்னுட்டு, புதுத் தரைய ஒடைச்சி மூணு அங்குலம் எறக்குனாரு. நீங்க மூணு, அவரு மூணு, ஆக மொத்தம் ஆறு அங்குல மரியாதைங்க மாப்ள. யாராவது ஒருத்தரு வாயத் தொறந்திருந்தா மூணு மிச்சம்!"