மூட்டை விற்காத உரக்கடை நானா

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் உரக்கடை நானாதான். முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மற்றவர்கள் வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பார்கள். நானா வாசலிலேயே மறித்து விரட்டுவார்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நான் போட்ட சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுபோய், இலையெல்லாம் ஊதாவாகிவிட்டது. பொஸ்பேட் போதவில்லை என்றார்கள். வேறு கடையில் ஒரு மூட்டை வாங்கித் தூவினேன். அசையவில்லை. இரண்டாவதையும் தூவினேன். மூன்றாவதுக்கு இந்தக் கடைக்குப் போனபோது நானா கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"மண்ணு என்ன நிறம்?"

"செவப்புங்க நானா."

"அதுல என்ன ஈக்கு தெரியுமா? துரு! இரும்புத் துரு! நீங்க வீசுற பொஸ்பேட்ட அது கட்டிப் புடிச்சிக்கும், கல்யாண வீட்டுல மாமிமார் சின்னப் புள்ளையப் புடிக்கிற மாதிரி. பயிர் அழுதாலும் உடாது."

"அப்ப என்னங்க செய்யிறது?"

"பரத்தி வீச ஏலா. கொஞ்சூண்டு உரத்த மக்கின மாட்டெருவோட கலந்து, வேருக்குப் பக்கத்துல குழி தோண்டி வைங்க. மண்ணு புடிக்க முந்தி வேரு தின்டிரும்."

இந்த ஞானம் சும்மா வந்ததல்ல. தன்னுடைய மிளகுக் கொடிகளுக்குப் பாதிக் கடையைக் கொட்டித் தோற்று, விவசாய அதிகாரி ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டபின் வந்தது. அன்றிலிருந்து செம்மண் அவருக்குப் பரம எதிரி. கடைக்கு வருகிறவர்களின் செருப்பைக் குனிந்து பார்ப்பார். சிவப்பு ஒட்டியிருந்தால் இரண்டாம் மூட்டை கிடையாது.

ஒருநாள் உரக் கம்பெனி ஏஜென்ட் வந்து, விற்பனை கூடாவிட்டால் ஏஜென்சி எதிர்க் கடைக்குப் போகும் என்று மிரட்டிக்கொண்டிருந்தார். அதே நேரம் தெரணியகலை பஸ்ஸில் வந்திறங்கிய தோட்டத்துப் பெண் ஒருவர் இரண்டு மூட்டை கேட்டார். ஏஜென்ட் முகமெல்லாம் பல். நானா செருப்பைப் பார்த்தார்.

"ஒன்டு போதும் மகள்."

"இப்படிச் செய்தால் எங்கள் கம்பெனிப் போர்டைக் கழற்றிவிடுவோம்!" என்று ஏஜென்ட் எகிறினார்.

"நீங்க ஏன் கஷ்டப்படுற, மாத்தயா?" என்று சிங்களத்தில் ஐயா போட்டுக் கேட்ட நானா, சாரத்தை மடித்துக் கட்டி, ஸ்டூலில் ஏறி, போர்டைத் தானே கழற்றி அவர் கையில் திணித்தார். "கொண்டு போங்க. இந்தப் புள்ளட காச மண்ணுல பொதைக்க எனக்கு ஏலா."

ஏஜென்சி எதிர்க் கடைக்குப் போனது. இப்போது நானாவிடம் இருப்பது சுண்ணாம்பும் மாட்டெருவும் மண்வெட்டியும்தான். நாங்கள் எதிர்க் கடையில் ஒரு மூட்டை வாங்கி, தெருவைக் கடந்து நானாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறோம்.

"அவன் விக்கிற உரத்துக்கு நீங்க ஏங்க நானா தொண்டை கிழியக் கத்துறீங்க?" என்று கேட்டேன்.

"உரம்தான் அவன்ட. பயிரு ஒங்கட."

அதைக் கேட்ட நாளிலிருந்து, எங்கள் பக்கம் நிற்கவும் ஒருத்தர் இருக்கிறார் என்ற திமிர் எனக்கு.