வீட்டில் ஒரு சோகக் கதை தேவை

மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறவர்களில் 'உருக்கம் தேடிகள்' என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாலம் கட்டப் படிக்கப் போகிறவனிடம், "உங்கள் குடும்பத்தில் யார்மீது பாலம் இடிந்து விழுந்தது?" என்று யாரும் கேட்பதில்லை. கணக்குப் படிக்கப் போகிறவளிடம், "சின்ன வயதில் கூட்டலால் பாதிக்கப்பட்டீர்களா?" என்று விசாரிப்பதில்லை. ஆனால் பிறருக்கு உதவுகிற படிப்பு என்று வந்துவிட்டால் ஒரு கேள்வி நிச்சயம்: 'இப்படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் எழுதுக.' கேட்கிறவர்கள் சாதாரணமாகத்தான் கேட்கிறார்கள். உருக்கம் தேடிக்கு மட்டும் அது, 'உன் வீட்டில் கஷ்டப்படுகிறவர் யார்? உடனே கூட்டி வா' என்று படும்.

நம்முடைய அக்கா இந்த இனத்தில் அசல். ஒரு தம்பி இருப்பதால் அக்கா. அவன் பின்னால் வருவான். திக்குகிறவர்கள், பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகள், பக்கவாதத்துக்குப் பிறகு வார்த்தைகளைத் தொலைத்தவர்கள், இவர்களுக்கெல்லாம் சிகிச்சை தருவதற்கான முதுகலைப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. பொய்யான ஆசை இல்லை. ஒரு ஸ்பீச் தெரபி கூடத்தில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து இருபத்தைந்து மணி நேரம் கவனித்து, அதற்குச் சான்றாகக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறாள். அங்கே ஒரு பெரியவர் நாலு மாதத்துக்கு அப்புறம் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அதை எழுதியிருந்தாலே போதும். ஆனால் போன வருஷம் நாலு கல்லூரிகள் கையை விரித்துவிட்டன. முப்பது இடத்துக்கு அறுநூறு பேர். இந்த வருஷமும் கிடைக்கவில்லை என்றால் காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் நம்பர் கவுண்டர்தான் கதி. ஆகவே சொந்த வீட்டுச் சோகம் ஒன்று வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள்.

தேடினாள். அப்பாவுக்குத் தொண்டை கட்டி மூன்று நாள் குரல் வராமல் இருந்ததை நினைவுபடுத்தினாள். "அது ஐஸ் தண்ணியால வந்ததும்மா" என்று அவர் காரியத்தைக் கெடுத்துவிட்டார். அம்மாவிடம் பேச்சுக் கோளாறு உண்டுதான், நிறுத்த மாட்டாள். அதற்கு இந்தத் துறையில் இன்னும் சிகிச்சை கண்டுபிடிக்கவில்லை. பெரியம்மா மகளின் பையன் இரண்டரை வயது வரை பேசவில்லையே என்று ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் போன் போட்டாள்.

"குட்டிப் பையன் இப்போ எப்படி இருக்கான்?"

"அதை ஏன் கேக்குற! வாயை மூடவே மாட்டேங்கிறான்."

"அடடா!" என்றாள் அக்கா. சந்தோஷத்தில் வந்த அடடா இல்லை என்பது போனிலேயே தெரிந்திருக்கும்.

அப்போதுதான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே! தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். சில எழுத்துகளில் பேச்சு நின்று, யோசித்து, பிறகு கிளம்பும். இருபத்தாறு வயது. செல்போன் கடையில் விற்பனையாளன். கடையில் இரண்டு முறை 'மாதத்தின் சிறந்த விற்பனையாளர்' என்று அவன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அவன் வாழ்வதே வாயால்தான். இந்த விவரமெல்லாம் கட்டுரைக்கு உதவாது என்பதால் அக்கா விட்டுவிட்டாள்.

முதல் பிரதியில் தம்பி சில சொற்களில் லேசாகத் தடுமாறினான். நாலாவது பிரதியில் சொற்களின் சிறையில் வாடி, ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து ஏங்கினான். (அந்த ஜன்னலுக்கு வெளியே இருப்பது பக்கத்து வீட்டுச் சுவர்.) ஒன்பதாவது பிரதியில், யாரும் பெண்ணே பார்க்க ஆரம்பிக்காத அவனுக்கு ஒரு கல்யாணம் தட்டிப்போயிற்று. பன்னிரண்டாவதில் அவன் வாழ்க்கையையே வெறுக்கத் தொடங்கியபோது அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வாயைக் கழுவுடி, பிள்ளை நல்லாத்தானே இருக்கான்!" என்று அலறியதால், பதின்மூன்றாவதில் அவனை உயிரோடு விட்டாள்.

இந்த இனத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பிறர் வாக்கியத்தைத் தாங்களே முடித்து வைப்பார்கள். அன்பினால்தான். தம்பி சாப்பாட்டில் உட்கார்ந்து "எனக்குக் கொஞ்சம்..." என்றால் தண்ணீர் வந்துவிடும். அவன் கேட்க நினைத்தது உப்பு. வாதாடி ஜெயிப்பதைவிடக் குடிப்பது சுலபம் என்று அவனும் குடித்துவிடுவான். இப்படி இருபது வருஷமாக அவன் எவ்வளவு தண்ணீர் குடித்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி நேரம். வியாழக்கிழமை காலை, "கடையில எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு பிரின்ட் எடுத்துட்டு வா" என்று பைல்களைத் தம்பிக்கே அனுப்பிவிட்டாள். இருந்த அவசரத்தில், கட்டுரைக்குள் இருப்பது அவனேதான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த தம்பி காகிதங்களை மேசைமேல் வைத்தான். சாப்பிட உட்காரவில்லை.

"அக்கா, இதுல..."

"எழுத்துப் பிழையா?" கண்ணை லேப்டாப்பிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"இல்ல, நான்..."

"பேரு போடலடா. நீதான்னு யாருக்கும் தெரியாது."

"அதில்ல. எனக்கு..."

"அழுகை வந்துடுச்சா? எனக்கே வந்துச்சு!"

தம்பி கையை நீட்டி லேப்டாப்பை மூடினான். "ஐயோ, சேவ் பண்ணலடா!" என்று கத்தியவள், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். அவன் நின்று நிதானமாக, இரண்டு இடத்தில் திக்கி, பேசி முடித்தான்.

"ரெண்டு பக்கமும் என்னைப் பத்தித்தான். ஆனா நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே அக்கா. கடைக்கு வர்றவங்க நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிக்கிறாங்க. திக்குறது எனக்குப் பழகிப்போச்சு. நீ முடிச்சு வைக்கிறதுதான் பழகல."

அக்காவுக்கு அவமானமாக இருந்தது. அழுதாள், இது கட்டுரைக்காக வந்த அழுகை இல்லை. அம்மாகூட ஒரு நிமிஷம் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இனத்தின் குணம் லேசில் போகுமா? மூக்கை உறிஞ்சிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "டேய், இப்போ சொன்னியே, இதைக் கட்டுரையில போட்டுக்கட்டுமா?"

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். சிரித்துவிட்டான். "போட்டுக்கோ. நான் சொன்னதை மட்டும் போடு."

பதின்மூன்று பிரதிகளும் குப்பைக்குப் போயின. புதியது ஒரே பக்கம். 'என் தம்பிக்குத் திக்கும். அவன் வாக்கியங்களை இருபது வருஷமாக நான் முடித்து வைத்தேன், பெரும்பாலும் தப்பாக' என்று தொடங்கியது. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெரியவரும் கடைசியில் இடம் பிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை நாலே முக்கால் மணிக்கு அனுப்பினாள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அங்கே பேராசிரியை "நீங்கள் ஏன்..." என்று ஆரம்பித்ததும் அக்கா பதிலையே சொல்லி முடித்துவிட்டாள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

முடிவு ஒரு சாயங்காலம் கடிதத்தில் வந்தது. இடம் கிடைத்தது என்றும் இல்லை, கிடைக்கவில்லை என்றும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் நாலாவது பெயர். யாராவது நாலு பேர் வேறு கல்லூரிக்குப் போனால் உண்டு; அதுவரை பொறுத்திருக்க வேண்டும். அக்கா வாசற்படியில் இடிந்துபோய் உட்கார்ந்தாள். தம்பி கடையிலிருந்து வந்தான், கடிதத்தை வாங்கிப் படித்தான், உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். "அக்கா, க..." என்று ஆரம்பித்தான்; பேச்சு அங்கேயே நின்றது.

அக்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பாவம், அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யாராவது ஒரு கட்டுரை எழுதலாம்.

அவளை விடுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? 'கவலைப்படாதே' என்று இதற்குள் மனசுக்குள் முடித்து வைத்துவிட்டீர்களா, இல்லையா?

அவன் சொன்னது இதுதான்: "கதவைச் சாத்துக்கா. கொசு வருது."