சார் கோத்த சர்க்கரை

தருமபுரி மாவட்டத்திலேயே அழுகின முட்டைக்கோசைக் கண்டு முகம் மலர்ந்த ஒரே மனிதர் எங்கள் அழுகல் சார்தான். நல்லம்பள்ளியில், எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த ஆராய்ச்சி மாணவர். சொந்தப் பெயர் வாடகை ஒப்பந்தத்தோடு சரி.

காயை அழுகவைக்கும் பாக்டீரியா ஒரு கொழகொழப்பை உண்டாக்குகிறது. சின்னச் சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பொருள் அது. ஐந்து வகைச் சர்க்கரை. நான்கின் இடத்தைச் சார் கண்டுபிடித்துவிட்டார். ஐந்தாவது எதில் தொங்குகிறது? தீபாவளிக்குள் சொல்லாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

பல மாதம் கொழகொழப்பை வடித்து, உலர்த்தி, ஒரு கைப்பிடி வெள்ளைத் தூள் சேர்த்தார். அதை வீட்டுக்காரம்மா சாந்தி அக்காவின் பிரிஜ்ஜில் வைத்தார்.

"டப்பால இன்னா சார்?"

"சர்க்கரைங்க."

பொய் சொல்லத் தெரியாதவர். அதுதான் வினையாயிற்று.

ஆடிப் பதினெட்டு, காலை எட்டேகால் என்கிறது என் டைரி. விருந்துக்கு நானும் எதிர்வீட்டில் இருந்தேன். பாயசத்துக்குச் சர்க்கரை போதவில்லை. சாந்தி அக்கா டப்பாவைக் கவிழ்த்தார். கரண்டியைத் தூக்கினால் பாயசம் மொத்தமும் கூடவே எழுந்தது.

சார் ஓடிவந்து பார்த்தார். முகம் வெளுத்தது.

"இனிக்கவே இல்லீங்களே சார்?"

"ஒண்ணோட ஒண்ணு கோத்துட்டா இனிக்காதுங்கக்கா."

"அப்பிடின்னா கண்ணாலம் மாதிரி."

பக்கத்திலிருந்த அவர் கணவர் டம்ளரை ஓசையின்றிக் கீழே வைத்தார்.

"பாயசத்துலேருந்து திருப்பி எடுக்க முடியாதுங்களா?" என்றேன்.

"பால் கலந்துடுச்சுங்க. மொதல்லேருந்துதான்." சொல்லிக்கொண்டே சார் பையை எடுத்துவிட்டார். அழுகின கோசு பொறுக்கச் சந்தை கலைவதற்குள் போக வேண்டுமாம்.

மறுநாளிலிருந்து சாந்தி அக்கா தெருவையே வேலை வாங்கினார். "யார் வூட்டுல கோசு அழுவுனாலும் சாருக்குத்தான்! குப்பையில போட்டீங்க, அப்பறம் இருக்கு!" மாடிப்படியில் தினமும் பொட்டலங்கள் சேர்ந்தன. நல்ல கோசை வெயிலில் வைத்து அழுகவிட்டுக் கொண்டுவந்தவர்களும் உண்டு. சார் மறுபடி வடித்தார், உலர்த்தினார். இந்த முறை டப்பாவில் 'விஷம்' என்று எழுதினார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பொய்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு மாடியிலிருந்து குரல் வந்தது. "அக்கா! அஞ்சாவது, மூணாவதுல தொங்குதுங்க!"

தெருவில் யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் கைதட்டினோம்.

சார் வேலை கிடைத்துப் போய்விட்டார். இன்றும் ஒரு காய் அழுகிவிட்டால் அதைக் குப்பையில் போடுமுன் எதிர்வீட்டு மாடியை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.