பிள்ளைகளுக்கு வால் கட்டிய டீச்சர்

குரங்கு வாலை இழந்துதான் மனிதனானது என்கிறார்கள். அந்தத் தவறைத் திருத்தப் பார்த்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் வால் டீச்சர்தான்.

பசறைப் பக்கம் நான் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் சிறுசுகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம் அவர் பொறுப்பு. ஒருநாள் போனில் லெமூர் குட்டிகளைப் பார்த்துவிட்டார். மடகஸ்கார் தீவுப் பிராணி, பூனை அளவு, கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட நீள வால். அத்தோடு பிள்ளைமடுவத்தில் பாட்டுக்கும் படத்துக்கும் ஓய்வு.

"குட்டிங்க விளையாடியே எல்லாம் படிச்சுக்குதுங்க தம்பி. எப்படித் தாவணும், எவ்வளவு கடிச்சா விளையாட்டு, எவ்வளவு கடிச்சா சண்டைன்னு. கூட்டமா போறப்ப வாலத் தூக்கிக்கிட்டுப் போகும். பின்னால வர்றது அதப் பாத்து வரும்."

"நம்ம புள்ளைங்களுக்கு வால் இல்லையே டீச்சர்."

"அதான் கொற" என்றார்.

மறுவாரம் பத்தொன்பது பிள்ளைகளுக்கும் வால் முளைத்தது. பழைய சேலைத் துணி, இலவம்பஞ்சு, உள்ளே கம்பி. இடுப்பில் கட்டினால் தலைக்கு மேலே ஒரு முழம் நிற்கும். நிமிர்ந்திருந்தால் 'நான் இங்க இருக்கேன்'. கையால் மடக்கித் தொங்கவிட்டால் 'முடியல, நில்லுங்க'. யார் வால் தொங்கினாலும் விளையாட்டு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கடியும் பிறாண்டலும் நன்றாகவே குறைந்தன. ஆனால் ஒரு தாய் ஆபீசுக்கு வந்து, "ஐயா, எம்மவன் வாலோடதான் தூங்குறான். சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்காங்க, மானம் போகுது" என்றாள்.

பதுளையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் பார்வையிட வந்தார்.

"இது என்னம்மா?"

"வால் சேர்."

"எதுக்கு?"

"பொறக்கும்போது விட்டுப்போச்சு சேர்."

வால்களை அலுமாரியில் வைத்துப் பூட்டும்படி உத்தரவு. கடிதத்தை டைப் பண்ணியது நான். டீச்சர் வாசித்துவிட்டு, "எழுத்துப்பிழை இல்ல" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஐப்பசி மழையின் மூன்றாம் நாள் காலை, பிள்ளைமடுவத்துக்கு மேலே மண்மேட்டில் வெடிப்பு தெரிந்தது. மீரியபெத்தவில் லயன் வீடுகள் மண்சரிவில் புதைந்த பிறகு எங்கள் பக்கத்தில் வெடிப்பைப் பார்த்து யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. பிள்ளைகளைக் கீழே கோவிலுக்குக் கொண்டுபோகும்படி டீச்சரிடம் சொல்ல ஓடினேன். மூடுபனி. ரோட்டில் ஏற்கெனவே மண் விழுந்திருந்ததால் தேயிலைக்குள்ளேதான் இறங்க வேண்டும். செடிகளுக்கு நடுவே போனால் பிள்ளைகளின் தலை தெரியாது.

டீச்சர் அலுமாரியைத் திறந்தார். "அந்தக் கடிதம்..." என்று இழுத்தேன். அந்த நேரத்திலும் நான் கிளாக்கர்தான்.

"வந்து பூட்டிக்கிறேன். நீங்க கடைசியில வாங்க" என்று, மீதியிருந்த ஒரு வாலை என் இடுப்பிலும் கட்டினார்.

கொழுந்துக்கு மேலே வால்கள் மட்டும் வரிசையாகப் போயின. பாதி வழியில் ஒன்று தொங்கியது. டீச்சர் வாய் திறக்கவில்லை. ஆனாலும் மற்றப் பதினெட்டும் அப்படியே நின்றன. ஓடிப்போய்ப் பார்த்தால், மூன்று வயதுப் பெண்பிள்ளை, தண்ணீர் ஓடும் கானுக்குள் கால் மாட்டிக்கொண்டு, பயத்தில் சத்தம் வராமல் நின்றது. டீச்சர் இழுத்தெடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் மேடு சரிந்தது. பிள்ளைமடுவத்தின் பின்சுவரும் கக்கூசும் போயின. அடுத்த வாரம் வந்த அதே உத்தியோகத்தர் அலுமாரியைப் பற்றிக் கேட்கவேயில்லை. போகும்போது மட்டும், "ஒரு வாலுக்கு எத்தன முழம் துணி போகும்?" என்று மெதுவாக விசாரித்தார்.

டீச்சர் இப்போது ஓய்வுபெற்று, பண்டாரவளையில் மகளோடு இருக்கிறார். பனி இறங்கும் காலைகளில் அவருக்குப் போன் எடுக்கிறேன். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. "சாப்பிட்டீங்களா டீச்சர்" என்று கேட்டு, அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் ஆபீசுக்குக் கிளம்புகிறேன்.